வெறுங்காலில் ஓட விரும்புவோருக்கு ஒரு காலேடு

வெறுங்காலில் ஓடுவதில் என்ன இருக்கிறது, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதானே என்று நினைத்தபடி இதைப் படிக்க வந்தீர்களா? உங்களைப் போன்ற அவசரக்காரர்களால்தான் எலும்பு மருத்துவர்கள் இரண்டாவது மாடி கட்டுகிறார்கள். இந்தக் காலேட்டில் செருப்பைக் கழற்றுவது ஏழாவது படி. முன்னால் ஆறு படிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக ஏறி வாருங்கள்.

தேவையான பொருட்கள்:

கால் – 2
பொறுமை – தேவையான அளவு (கடையில் கிடைக்காது, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பார்க்கவும்)
பணம் – கணிசமாக

வெறுங்காலுக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் நேராக மூன்றாம் படிக்குப் போகலாம். ஆனால் போகாதீர்கள்.

படி 1: பாதி தெரிந்துகொள்ளுங்கள்

ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் பேச ஆரம்பிக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் சரக்கு தேவை. 2009-ல் கிறிஸ்டோபர் மெக்டூகல் எழுதிய 'பார்ன் டு ரன்' புத்தகத்தை வாங்கி, மேசையில் எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள். முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. மெக்சிகோவின் மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் ராராமுரி மக்கள் மெல்லிய செருப்பைக் கட்டிக்கொண்டு அசராமல் ஓடுகிறார்கள் என்கிற இடம் வரை படித்தால் போதும்.

அடுத்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன். இவர் 2004-ல் டென்னிஸ் பிராம்பிளோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, நெடுந்தூரம் ஓடும் திறனுக்கு மனித உடல் உருவானதில் பெரிய பங்கு உண்டு என்று வாதாடியது. 2010-ல் அதே இதழில் இன்னொன்று எழுதினார். காலணியோடு ஓடுபவர் பெரும்பாலும் குதிகாலை ஊன்றுகிறார். வெறுங்காலில் ஓடியே பழகியவர் பெரும்பாலும் முன்பாதத்தை ஊன்றுகிறார். அதனால் தரையில் கால் பட்ட நொடியில் குதிகாலிலிருந்து மேலே ஏறும் அந்த முதல் அதிர்ச்சி இவருக்கு மிகக் குறைவு என்று அளந்து காட்டினார். இனி எந்தக் கல்யாணப் பந்தியிலும் "இருபது லட்சம் வருஷமா மனுஷன் வெறுங்கால்லதாங்க ஓடினான்" என்று நீங்கள் ஆரம்பிக்கலாம். அவன் முன்னால் மான் ஓடியதா, பின்னால் புலி ஓடியதா என்று பக்கத்து இலைக்காரர் கேட்டால் பாயசம் கேளுங்கள்.

எதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதும் முக்கியம். வட கென்யாவில் காலணியே பழகாத தாசனச் மக்களை வைத்து 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. தமக்கு வசதியான வேகத்தில் ஓடச் சொன்னபோது அவர்களில் 72 சதவீதத்தினர் குதிகாலைத்தான் ஊன்றினார்கள். வேகம் கூடியபோதுதான் முன்பாதம் வந்தது. ஆக, மனிதக் கால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடவில்லை. இந்த விவரம் தெரிந்தவர் உங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் இருந்தால், அவரை விலக்கிவிடுவது குழுவின் ஒற்றுமைக்கு நல்லது.

அபேபே பிகிலா விஷயத்திலும் பாதிதான். எத்தியோப்பிய அரண்மனைக் காவல்படை வீரரான பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். பழைய ஆப்பியன் சாலையின் கல் பாவிய தரையும் அந்தப் பாதையில் இருந்தது. இங்கே நிறுத்திவிடுங்கள். நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில் அதே பிகிலா ஷூ போட்டுக்கொண்டு ஓடி, அதைவிட மூன்று நிமிடம் முன்னதாக வந்து மறுபடி தங்கம் வென்றார் என்பதைச் சொன்னால், முன்னால் சொன்னதன் சுவாரசியம் போய்விடும்.

உள்நாட்டு உதாரணம் கேட்பவர்களுக்குப் பீகாரின் சிவ்நாத் சிங் இருக்கிறார். வெறுங்கால் ஓட்டத்துக்குப் பேர்போன இவர் 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தான் முடித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தேசிய சாதனையை யாராலும் அசைக்க முடியவில்லை. பின்னால் வந்தவர்களிடம் ஷூ இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு, எதிராளியின் முகத்தைப் பாருங்கள்.

படி 2: பழைய ஷூவின் மேல் பழி போடுங்கள்

மூன்று வருடம் உங்களைச் சுமந்த ஷூ இன்று முதல் குற்றவாளி. முழங்கால் வலியா? ஷூ. முதுகு வலியா? ஷூ. நாளுக்குப் பத்து மணி நேரம் நாற்காலியில் கூன் போட்டு உட்கார்ந்ததைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

பழிக்கு ஆதாரம் வேண்டும் அல்லவா? சாதாரண ஓட்டக் காலணியில் குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட 10, 12 மில்லிமீட்டர் உயரமாக இருக்கும். நின்றால்கூட உடம்பு லேசாக முன்னால் சாய்ந்த மாதிரிதான். முன்புறம் குறுகி, விரல்களை நெருக்கும். அடியில் மெத்தை. ஒரு பாதத்தில் 26 எலும்பு, 33 மூட்டு, நூற்றுக்கு மேற்பட்ட தசையும் நாணும் இருக்கின்றன. இவ்வளவு பேருக்கும் வேலை இல்லாமல் செய்து உட்கார வைத்தது ஷூதான் என்பது நம் கட்சி. கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. மெத்தை மேல் ஓடுகிறவர் எட்டி அடி வைத்துக் குதிகாலை இடித்தாலும் உடனே வலிக்காது. வலிக்காததால் திருத்திக்கொள்ள மாட்டார்.

ஆனால் மெத்தையைத் திட்டும்போது சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மெக்டூகல் புத்தகம் வந்த அதே 2009-ல்தான், தடித்த அடிப்பாகத்துக்குப் பேர்போன ஹோகா நிறுவனமும் பிறந்தது. 2019-ல் வியன்னாவில் கென்ய ஓட்டக்காரர் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மாரத்தான் தூரத்தைக் கடந்தபோது அவர் காலில் இருந்ததும் தடித்த அடிப்பாகம்தான். அடுத்த ஆண்டே உலகத் தடகள அமைப்பு, சாலை ஓட்டக் காலணியின் தடிமன் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று வரம்பு போட்டது. கென்யாவில் சிறுவயதில் வெறுங்காலில் ஓடிப் பள்ளிக்குப் போனவர்கள் வளர்ந்ததும் ஷூ வாங்கினார்கள். நாம் ஷூ போட்டு ஆட்டோவில் பள்ளிக்குப் போய், வளர்ந்ததும் கழற்றுகிறோம்.

படி 3: எதுவும் போடாமல் ஓட, எதைப் போடுவது?

இதுதான் செலவுப் படி. காலில் ஒன்றும் இல்லாமல் ஓட வேண்டும் என்று முடிவு செய்த மனிதனுக்குச் சந்தையில் கிடைக்கும் பொருட்களுக்குக் கணக்கில்லை. ஷூவில் அடிப்பாகம் எவ்வளவு குறைகிறதோ, விலை அவ்வளவு கூடும். இந்தக் கணக்கின்படி முழு வெறுங்காலுக்குச் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். நல்ல வேளையாக அதற்கு இன்னும் யாரும் ரசீது போடவில்லை.

பார்த்தவுடன் மயங்குவது இத்தாலிய விப்ரம் நிறுவனத்தின் ஐவிரல் ஷூவாக இருக்கும். கையுறையைக் காலில் மாட்டியது போலிருக்கும். இதை மாட்டுவதற்கென்று ஒரு நாளைத் தனியாக ஒதுக்குங்கள். பெருவிரல் சமர்த்தாக உள்ளே போய்விடும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே அறையில் குடியேறப் பார்க்கும், பிரித்து வையுங்கள். நான்காவதைக் கையால் பிடித்து உள்ளே தள்ளும் நேரத்தில் சுண்டுவிரல் மடங்கி வெளியே படுத்துக்கொள்ளும். பிறந்ததிலிருந்து அதற்குத் தனி வேலை எதுவும் கொடுத்ததில்லை. இப்போது தனி அறை கொடுத்தால் எப்படிப் போகும்? அதை நிமிர்த்தி நுழைத்து முடிக்கும்போது மூன்றாவது விரல் பழைய வீட்டுக்கே திரும்பியிருக்கும். வலது கால் முடிந்து இடது காலுக்கு வருவதற்குள் விடிந்துவிடும். ஓட்டம் நாளைக்கு.

இந்த ஷூவுக்கு ஒரு வழக்கும் உண்டு. கால் தசைகளை வலுவாக்கும், காயத்தைக் குறைக்கும் என்று சொல்லி விற்றதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2012-ல் அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே, 2014-ல் நிறுவனம் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஒரு ஜோடிக்கு அதிகபட்சம் 94 டாலர் வரை கிடைக்கும் என்றிருந்தது. கேட்டு வந்த கூட்டம் பெரிதாகிவிட்டதால், கடைசியில் ஜோடிக்குக் கிடைத்தது எட்டு டாலர் சொச்சம். ஷூவுக்கு எதிராகத் திரண்ட அந்தக் கூட்டத்தில் ஒருவரும் வெறுங்காலில் ஓடி வந்து பணம் வாங்கியதாகத் தகவல் இல்லை.

அது வேண்டாம் என்றால் ராராமுரி பாணிச் செருப்பு: தட்டையான ஒரு துண்டு, ஒரு கயிறு. இதன் மூலப்பொருள் லாரி டயர். 1993-ல் கொலராடோவின் லெட்வில் நகரில் நடந்த 100 மைல் ஓட்டத்தில் விக்டோரியானோ சுரோ என்ற 55 வயது ராராமுரிக்காரர் டயர் செருப்போடு ஓடி முதலில் வந்தார். நம் ஊர்ச் சந்தைகளிலும் டயர் செருப்பு விற்றதுதான். பெரியவர்கள் அதில் ஏர் உழுதார்கள், வண்டி ஓட்டினார்கள், தேய்ந்து பார்த்ததில்லை. அதையே வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஆயிரக்கணக்கில் ஆகும். ஆனால் துணிப்பை இலவசம்.

முற்றிலும் தட்டை, மெல்லியது, வளையும், எடை இல்லை: மினிமலிஸ்ட் காலணிக்குச் சொல்லப்படும் எல்லா இலக்கணமும் பொருந்திய ஒன்று உங்கள் வீட்டுக் குளியலறை வாசலில் கிடக்கிறது. ஹவாய் செருப்பு. அதில் ஓடாதீர்கள். கழன்று போகாமல் பிடித்துக்கொள்ளவே விரல்களின் சக்தி முழுக்கப் போய்விடும். குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார் இருக்க வேண்டும் என்று ராராமுரிகள் கண்டுபிடித்தது இதற்காகத்தான்.

படி 4: வீட்டில் சொல்லுங்கள்

சொல்லாமல் தொடங்கினால், அழுக்குக் காலோடு கூடத்தில் நடக்கும்போது எப்படியும் தெரிந்துவிடும்.

அம்மா கேட்பார்: "ஏன்டா, புதுசா வாங்கின ஷூ கடிக்குதா?"

"இல்லம்மா, ஷூ இல்லாம ஓடறதுதான் நல்லதாம்."

"அப்ப அந்தப் பார்சல்ல வந்தது என்ன?"

"அது ஷூ இல்லாம ஓடறதுக்கான ஷூம்மா."

இந்த இடத்தில் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்ப்பார். அப்பா செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்வார். இவர்களைச் சமாளித்துவிடலாம். பாட்டியைத்தான் முடியாது. "உங்க தாத்தா மொத சம்பளத்துல மொதல்ல வாங்கினது என்ன தெரியுமா? ஒரு ஜோடி செருப்பு" என்பார். லீபர்மனின் இரண்டு கட்டுரைகளிலும் இதற்குப் பதில் கிடையாது.

பாட்டி சொல்வதில் ஒரு கனம் இருக்கிறது. இந்த மண்ணில் வெறுங்கால் எல்லோருக்கும் விருப்பப்பாடமாக இருந்ததில்லை. ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சாராருக்கு மட்டும் எழுதாத சட்டம் இருந்தது. பழைய கதை என்று தள்ளவும் முடியாது. திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் பட்டியல் சமூகத்தினர் சுமார் 60 பேர், தங்களுக்கு மறுக்கப்பட்டிருந்த ஒரு தெருவில் முதல் முறையாகச் செருப்புக் காலோடு நடந்தது 2023 டிசம்பரில். ஆகவே செருப்பில்லாமல் ஓடுவது விடுதலை, இயற்கை, ஆதி மனித உரிமை என்றெல்லாம் மேடை போட்டுப் பேசும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். கழற்றினால் யாரும் கேட்க மாட்டார்கள், திரும்பப் போட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற வசதி இருப்பதால்தான் உங்களுக்கு இது பொழுதுபோக்கு. ஓடுங்கள். உபதேசம் மட்டும் வேண்டாம்.

படி 5: டாக்டரைப் பாருங்கள்

இந்தப் படியில் நகைச்சுவைக்கு இடம் குறைவு. ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் 2023 கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். நீண்டநாள் சர்க்கரையில் பாத நரம்பு மரத்துப்போகும். முள் தைத்தது தெரியாது. புண் பெரிதான பிறகுதான் தெரியும். வெறுங்கால் ஓட்டத்தின் வித்தை முழுவதும் உள்ளங்கால் சொல்வதைக் கேட்பதில் இருக்கிறது. பேச்சு நின்றுபோன பாதத்துக்கு இந்த ஓட்டம் இல்லை. உங்களுக்குச் சர்க்கரை இருந்தால் இங்கேயே இறங்கி, நல்ல ஷூவோடு நடங்கள்.

மற்றவர்கள், கடைசியாக டி.டி. ஊசி எப்போது போட்டோம் என்று யோசியுங்கள். 'பத்தாம் வகுப்பில் ஆணி குத்தியபோது' என்பது பதில் என்றால், இன்றே போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது கொக்கிப்புழு. திறந்தவெளியில் மலம் கழிக்கும் ஈரமண்ணில் இதன் குஞ்சுகள் இருக்கும். விரலிடுக்கின் மெல்லிய தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் தங்கி ரத்தம் குடிக்கும். 1909-ல் ராக்ஃபெல்லர் பணத்தில் அமைந்த ஒரு குழு, அமெரிக்கத் தென்மாநிலங்களில் இந்தப் புழுவை ஒழிக்க ஊர் ஊராகப் போனது. கழிப்பறை கட்டச் சொன்னது, செருப்புப் போடச் சொன்னது. அந்த அமெரிக்காவிலிருந்துதான் நூறு வருடம் கழித்து, செருப்பைக் கழற்றச் சொல்லும் புத்தகம் நமக்கு வந்திருக்கிறது.

படி 6: இடம் பாருங்கள்

சென்னைவாசிகள் உடனே பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கிளம்புவார்கள். படத்துக்கு அது நன்றாக இருக்கும். ஆனால் காய்ந்து தளர்ந்த மணலில் கால் உள்ளே போகும், குதிகால் தாழும், கெண்டைக்கால் சதையும் குதிகால் நாணும் வழக்கத்தைவிட அதிகமாக இழுபடும். அலை நனைத்த இறுகிய மணல் பரவாயில்லை. ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும். போகும்போது ஒரு கால் குட்டை, வரும்போது இன்னொரு கால் குட்டை.

பூங்காவில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதை இருக்கும். அங்கே ஓடலாம் என்று நினைக்காதீர்கள். அது ஓய்வு பெற்ற அதிகாரிகளின் ஆட்சிப் பகுதி. செருப்பை ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல் குத்தக் குத்த முகம் கோணாமல் எட்டுப் போடுவார்கள். குறுக்கே ஓடினால் வரலாறு முழுவதும் கேட்டுவிட்டுத்தான் போக முடியும்.

தொடக்கக்காரருக்குச் சிறந்தது, நம்பக் கடினமாக இருந்தாலும், சுத்தமான கெட்டித் தரை: வழவழப்பான தார்ச்சாலை, சிமென்ட் பாதை. புல்லும் மணலும் தப்பான அடியை மன்னித்துவிடும், தார்ச்சாலை மன்னிக்காது. மூன்றாவது அடியிலேயே திருத்திவிடும். போதாததற்கு, புல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. சாலையில் பச்சைக் கண்ணாடிச் சில்லும் பழுப்புக் கண்ணாடிச் சில்லும் வெயிலில் மினுங்கிக் காட்டிக்கொடுக்கும். வீடு கட்டும் இடம் வந்தால் எதிர்ப்பக்கம் போங்கள். அங்கே ஜல்லி, ஆணி, கம்பி மூன்றும் உண்டு. காலி மனை ஓரத்தில் நெருஞ்சி இருக்கும். மஞ்சள் பூ அழகாக இருக்கிறதே என்று நின்றுவிடாதீர்கள். பூவுக்கு அடியில்தான் காய்.

நேரம், விடிந்தும் விடியாமலும். சித்திரை வெயிலில் காலை ஒன்பது மணிச் சாலை, ஆதி மனிதனையும் மரத்தில் ஏற்றிவிடும். காதில் பாட்டு வேண்டாம், கையில் போன் வேண்டாம், மூன்று நான்கு மீட்டர் முன்னால் தரையில் கண் இருக்கட்டும். போனைப் பார்த்துக்கொண்டே ஓடும் பழக்கத்துக்கு இதைவிட விரைவான மருந்து கிடையாது.

படி 7: கழற்றுங்கள்

வந்துவிட்டோம். கழற்றுங்கள். இரண்டையும்.

கழற்றியதை எங்கே வைப்பது? கோயிலில் டோக்கன் கொடுப்பார்கள். கடற்கரையில் கொடுக்க மாட்டார்கள். முதுகுப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாதம் எரிய ஆரம்பித்த இடத்தில் எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்கு அது வேண்டும்.

முதலில் நடங்கள். ஓடத் துடிப்பவர்கள் திருவண்ணாமலையை நினைத்துக்கொள்ளுங்கள்: பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டரை வெறுங்காலில் சுற்றி வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஓடுகிறார்கள்? அந்தக் கூட்டத்தின் பின்னால் நடக்கும் பாட்டியின் பாதத்துக்கு உங்கள் பாதம் சமமாவதற்கு நாள் இருக்கிறது.

ஒரு வாரம் நடந்த பிறகு ஓடலாம். அடி சின்னதாக இருக்கட்டும். கால் உடம்புக்கு முன்னால் எட்டிப் போய் விழாமல், இடுப்புக்குக் கீழே விழட்டும். முன்பாதத்தின் வெளிப்பக்கம் முதலில் தரையைத் தொட்டு, பின்னர் குதிகாலும் லேசாக வந்து தரையில் அமரட்டும். குதிகாலைத் தூக்கியே வைத்துக்கொண்டு நுனிக்காலில் ஓடுவது நாட்டியம். நிமிடத்துக்கு 170, 180 அடி என்று விழுந்தால், எட்டி வைக்க நேரமே இருக்காது. சரியாக ஓடுகிறோமா என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம், காதைத் தீட்டுங்கள். 'தொப் தொப்' என்று சத்தம் வந்தால் தப்பு. சத்தமே இல்லாமல் பின்னால் வந்து பால்காரரைத் திடுக்கிட வைத்தால் சரி. பால்காரரிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

இருநூறு மீட்டர். போதும். 'இவ்வளவுதானா' என்று தோன்றும் இடத்தில் நிறுத்துவதுதான் இந்தப் படியின் பயிற்சி.

படி 8: மெதுவாக

நிறுத்தியிருக்க மாட்டீர்கள். எனக்குத் தெரியும். சுகமாக இருந்திருக்கும், தரையின் குளிர்ச்சி, சொரசொரப்பு, ஈரம் எல்லாம் வருடக்கணக்கில் கேட்காத செய்தியாக உள்ளங்காலுக்கு வந்திருக்கும். அந்த மகிழ்ச்சியில் மூன்று கிலோமீட்டர் போயிருப்பீர்கள்.

மறுநாள் காலை, படுக்கையிலிருந்து இறங்கும்போது கெண்டைக்கால் சதைகள் கல்லாக இருக்கும். மாடிப்படியில் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவீர்கள். காரணம் சுலபம். அதிர்ச்சி எங்கும் மாயமாகிவிடவில்லை. முழங்காலிலிருந்து கொஞ்சம் குறைந்து, கெண்டைக்கால், குதிகால் நாண், பாத எலும்புகள் பக்கம் வந்திருக்கிறது. இத்தனை வருடம் ஷூவுக்குள் சும்மா இருந்தவர்களுக்கு ஒரே நாளில் முழுநேர வேலை.

தசை வலி நான்கு நாளில் போகும். எலும்புதான் பேசாமல் இருந்து கழுத்தறுக்கும். 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் அனுபவமுள்ள ஓட்டக்காரர்கள் 36 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஐவிரல் ஷூவுக்குப் பத்து வாரத்தில் படிப்படியாக மாறிய 19 பேரில் 10 பேருக்கு, பாத எலும்பின் உட்பகுதியில் நீர் கோத்திருந்தது ஸ்கேனில் தெரிந்தது. விரிசலுக்கு முந்தைய கட்டம் அது. பழக்கமில்லாத நெடுநடையில் படைவீரர்களுக்குப் பாத எலும்பில் விழும் மெல்லிய விரிசலும் இதே குடும்பம். பத்து வாரம் என்பதே அவசரம் என்றால், நீங்கள் ஒதுக்கியிருக்கும் பத்து நாளைப் பற்றி நான் என்ன சொல்ல?

ஆகவே அட்டவணை: வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். இருநூறு மீட்டரில் தொடங்கி, வலி இல்லாத வாரத்தில் மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். மிச்ச தூரத்தைப் பழைய ஷூவிலேயே ஓடுங்கள். இரண்டாம் படியில் திட்டியதை அது மனதில் வைத்துக்கொள்ளாது. பாதத்தின் மேற்புறத்தில், ஒரு விரல் வைத்து அழுத்திக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் வலித்தால், ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள். ஆரம்ப விரிசல் சாதாரண எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். அதன் கட்டணத்தைக் கேட்கும்போது, மூன்றாம் படியில் பார்த்த விலைகள் மலிவாகத் தோன்றும்.

தோலைப் பற்றிக் கவலை வேண்டாம். காய்ப்பு ஏறும். ஏறினால் உணர்ச்சி மழுங்கிவிடும் என்று பயந்தவர்களுக்கு 2019-ல் ஒரு நல்ல செய்தி வந்தது. கென்யாவில் வெறுங்காலில் நடப்போரின் பாதங்களைச் சோதித்ததில், காய்ப்பு தடித்தாலும் தொடு உணர்வு குறையவில்லை. ஷூவின் மெத்தையால் அது முடியாது. இந்தக் காலேட்டில் எந்தக் கிண்டலும் இல்லாமல் நான் வியக்கும் விஷயம் இது ஒன்றுதான்.

படி 9: கேள்விகளுக்குப் பதில் தயாரியுங்கள்

டீக்கடை வாசலில் ஒருவர் கேட்பார்: "என்ன தம்பி, செருப்பு அந்துபோச்சா?" இன்னொருவர், யாராவது துரத்துகிறார்களா என்று உங்கள் பின்னால் எட்டிப் பார்ப்பார். நாய்களுக்கும் இதே சந்தேகம்; அவை விசாரிக்காமல் கிளம்பிவிடும்.

முன்பாதம், குதிகால், நேச்சர் என்று விளக்கம் சொல்லி நிற்காதீர்கள், உடம்பு ஆறிப்போகும். தமிழ்நாட்டில் வெறுங்காலுக்கு எல்லாரும் ஒப்புக்கொள்ளும் பதில் ஒன்று இருக்கிறது: "வேண்டுதலுங்க." கேட்டவர் உடனே ஒதுங்கி வழிவிடுவார். சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எந்தக் கோயிலுக்கு என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் வேகத்தைக் கூட்டுங்கள்.

தொடங்குவதற்கு நல்ல நாளும் இதிலேயே கிடைக்கிறது. கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக வங்கிக்குப் போகிறார்கள், பைக் ஓட்டுகிறார்கள், மீட்டிங்கில் உட்காருகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருவர். சாலை குளிர்ந்திருக்கும், தை பிறப்பதற்குள், அவசரப்படாமல் இருந்தால், ஒரு கிலோமீட்டர் வந்திருக்கும். மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் மட்டும் கால் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது சாக்கடையா, கண்ணாடியா, மூடியில்லாத குழியா என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை.

படி 10: கணக்குப் பாருங்கள்

ஒரு வருடம் கழித்து, செலவுகளை வரிசையாக எழுதுங்கள்: புத்தகம் ஒன்று. ஐவிரல் ஷூ ஒன்று, அதன் நாற்றம் போக வாங்கிய பொடி இரண்டு டப்பா. டயர் செருப்பு, இறக்குமதி, ஒன்று. டி.டி. ஊசி. கெண்டைக்காலுக்குத் தைலம். பிசியோதெரபி. எம்.ஆர்.ஐ. வந்தால் அதுவும். கால் இரண்டு, இலவசம்.

எட்டாம் படியைக் கடைப்பிடித்தவரின் கணக்கில் டி.டி. ஊசி ஒன்றுதான் இருக்கும். அவர் ஓட்டத்தைப் பற்றி அதிகம் பேசியிருக்கவும் மாட்டார். எந்த நாளிலும் பேசுவதற்குப் போதுமான தூரம் அவர் ஓடவில்லை. அவருக்கு இந்தக் காலேடு தேவைப்படவில்லை.

உங்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு சந்தேகம் கேட்கிறேன்: எட்டாம் படியின் தலைப்பு என்ன? மேலே போய்ப் பார்க்கக் கூடாது. சொல்லத் தெரிந்தால் நாளைக்கே இருநூறு மீட்டர் போய் வாருங்கள். தெரியாவிட்டால், ஷூ போட்டுக்கொண்டு ஓடுங்கள், அதுவும் ஓட்டம்தான்.